ஹெட் லோ: மண்ணுக்குள் கிடந்த தோட்டமும் சுவரிலிருந்து உரிக்கப்பட்ட நூற்றாண்டும்

நெதர்லாந்தில் அப்பல்டோர்ன் நகரின் ஓரத்தில், வேலுவ காட்டை ஒட்டி நிற்கிறது ஹெட் லோ அரண்மனை. 1975-இல் அங்கே போனவர் பார்த்தது, வெள்ளைப் பூச்சு பூசிய, உயரமான, கொஞ்சம் கனத்த ஒரு கட்டடம். பின்பக்கம் புல்வெளி, வளைந்து செல்லும் பாதைகள், வயதான மரங்கள். அதே ஆள் 1984-இல் மறுபடி போயிருந்தால் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார். வெள்ளைப் பூச்சு போய்ச் செங்கல் தெரிந்தது. மேலே ஏற்றியிருந்த மாடி இறங்கிவிட்டது. பின்னால் புல்வெளி இருந்த இடத்தில், தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிய ஒரு சதுரத் தோட்டம். அதில் கோலம் போட்டதுபோல் வெட்டிய செடி வரிசைகள், பளிங்குச் சிலைகள், நீரூற்றுகள்.

இடையில் நடந்தது 1977 முதல் 1984 வரையிலான மீட்டுருவாக்கப் பணி. அரண்மனையை அருங்காட்சியகமாக்குவது என்பது அதற்கு முன்பே முடிவான விஷயம். எந்தக் காலத்து அரண்மனையைக் காட்டுவது என்பதுதான் உண்மையான கேள்வி. 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பிற்பாடு வந்தவற்றில் பெரும்பகுதியை அகற்றினார்கள்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது பற்றிப் பேசுகிற இடங்களில் இந்த நிகழ்வு ஒன்று வெற்றிக்கதையாகச் சொல்லப்படும், இல்லையென்றால் எச்சரிக்கையாகச் சொல்லப்படும். என் கணக்கில் ஹெட் லோவில் எடுக்கப்பட்டவை இரண்டு தனித்தனி முடிவுகள். தோட்டத்துக்கு ஒரு தீர்ப்பு, வீட்டுக்கு வேறு தீர்ப்பு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் விவாதம் குழம்புகிறது. அதைச் சொல்வதற்கு முன் வீடு எப்படி எழுந்தது என்று பார்த்துவிடலாம்.

வேட்டைக்கு வந்தவரின் வீடு

ஒரேஞ்ச் இளவரசர் மூன்றாம் வில்லியம் 1684-இல் இங்கே ஒரு பழைய சிறு கோட்டையை வாங்கினார். சுற்றிலும் அகழி கொண்ட அந்தக் கோட்டை இன்றும் பூங்காவுக்குள் நிற்கிறது. 'பழைய லோ' என்று பெயர். வாங்கிய காரணம் எளிமையானது: வேலுவ நல்ல வேட்டைக்காடு, வில்லியமுக்கு வேட்டையில் பித்து. ஆனால் பழைய கோட்டை அவருக்குப் போதவில்லை. பக்கத்திலேயே புது வீடு கட்ட ஆரம்பித்தார்.

அப்போது வில்லியம் அரசர் அல்ல. டச்சுக் குடியரசில் அரசர் என்ற பதவியே கிடையாது. அவர் 'ஸ்டாட்ஹவுடர்', அதாவது மாகாணங்கள் நியமித்த ஆளுநரும் படைத்தலைவரும். ஹெட் லோ இருக்கிற கெல்டர்லாந்து மாகாணம் 1675-இல் அவருக்கு 'டியூக்' பட்டம் தர முன்வந்தது, அவர் ஏற்கவில்லை. குடிமக்களின் நாட்டில் அதிகமாக மினுக்கினால் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்த மனிதர். வீட்டின் முகத்தைப் பார்த்தாலே இது புரியும். நடுவில் ஒரு செவ்வகக் கட்டடம், செங்கல் சுவர், ஒழுங்கான சன்னல் வரிசை, அளவான கல்வேலை. தூண்களை அடுக்கி மிரட்டும் வேலை எதுவும் இல்லை. முன்னால் முற்றம், இருபுறமும் தாழ்வான பக்கக் கட்டடங்கள். நடுக்கட்டடத்தையும் பக்கக் கட்டடங்களையும் கால்வட்டமாக வளைந்த தூண் வரிசைகள் இணைத்தன.

கட்டுமானத்தைக் கையில் எடுத்தவர் யாக்கோப் ரோமான். உள் அலங்காரத்துக்கும் தோட்டத்தின் நுணுக்க வேலைகளுக்கும் டேனியல் மரோ. மரோ பிரெஞ்சுக்காரர், புராட்டஸ்டன்ட். பதினான்காம் லூயி 1685-இல் நான்ட் ஆணையை ரத்து செய்து புராட்டஸ்டன்ட்களின் உரிமைகளைப் பறித்தபோது நாட்டை விட்டு வந்தவர்களில் ஒருவர். லூயியின் படை 1672-இல் டச்சு நாட்டுக்குள் புகுந்தபோது எதிர்த்து நின்றவர் வில்லியம். ஆக, லூயி விரட்டிய கலைஞரை வைத்து, லூயியின் ஜென்ம விரோதி, லூயியின் நாட்டு பாணியில் வீடு கட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் பாணிக்கும் பகைக்கும் சம்பந்தம் இல்லை.

வீட்டின் உள்ளமைப்பில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. நடுவில் கூடம், ஒரு பக்கம் வில்லியமின் அறைகள், மறுபக்கம் மனைவி மேரியின் அறைகள். இரண்டும் அளவிலும் மரியாதையிலும் சமமானவை. அவரவர் அறைகளுக்குக் கீழே அவரவர் தனித்தோட்டம். மேரி ஆங்கில அரச குடும்பத்துப் பெண். 1677-இல் 15 வயதில் கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவர். அவருடைய தோட்டத்தில் ஹார்ன்பீம் மரங்களை வளைத்துக் கட்டிய நடைபந்தல்கள் இருந்தன. வெயில் படாமல், வெளியாள் கண்ணிலும் படாமல் உலாவலாம். வீட்டின் அடித்தளத்தில் கிளிஞ்சல்கள் பதித்த ஒரு குகை அறையும், அதன் அருகே டெல்ஃப்ட் ஓடு பதித்த ஒரு சிறிய அடுக்களையும். பழங்களைச் சர்க்கரைப் பாகில் போட்டுவைப்பது போன்ற வேலைகளை அங்கே தன் கையாலேயே செய்வார் என்பார்கள். நீலமும் வெள்ளையுமான பீங்கானில் அவருக்குத் தீராத ஆசை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் ஆசியாவிலிருந்து பீங்கானைக் கொண்டுவந்து இறக்கிய காலம் அது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே கம்பெனிதான்.

1689-இல் எல்லாம் மாறியது. வில்லியமும் மேரியும் இங்கிலாந்தின் கூட்டு அரசர்களாக முடிசூடினார்கள். வேட்டைக்கு வந்து தங்கும் ஆளுநரின் வீடு அரசருக்குப் போதாதே. 1691 முதல் 1694 வரையில் ஹெட் லோ விரிந்தது. வளைந்த தூண் வரிசைகளை அகற்றி அந்த இடத்தில் நான்கு சதுரக் கட்டடங்களை எழுப்பினார்கள். அகற்றிய தூண் வரிசைகளை வீணாக்காமல் தோட்டத்தின் கடைக்கோடிக்குக் கொண்டுபோய், காட்சியின் முடிவாக நிறுத்தினார்கள். தோட்டமும் பின்னோக்கி நீண்டு, 'மேல் தோட்டம்' என்ற புதுப் பகுதி உருவானது.

மேரி இதில் எதையும் பார்க்கவில்லை. 1689 பிப்ரவரியில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர் திரும்பி வரவே இல்லை. 1694 டிசம்பரில் பெரியம்மையில் இறந்தார். இன்று நாம் பார்க்கிற ஹெட் லோ, அவர் பெயர் சொல்லும் பாதி வீடும் அவர் கால் படாத பாதி வீடும் சேர்ந்தது.

தண்ணீர்

ஹெட் லோவைப் பற்றிப் பேசுபவர்கள், பிரான்சில் பதினான்காம் லூயியின் அரண்மனையான வெர்சாயை நினைத்து, 'டச்சு வெர்சாய்' என்று சுருக்கிவிடுகிறார்கள். தண்ணீரைப் பார்த்தால் இந்த ஒப்பீடு எவ்வளவு தவறு என்று தெரியும்.

வெர்சாய் இருக்கிற இடத்தில் போதிய தண்ணீர் இல்லை. சேன் நதியிலிருந்து மேலேற்றுவதற்காக மார்லி என்ற இடத்தில் 14 பிரம்மாண்டச் சக்கரங்களும் 221 இறைவைகளும் கொண்ட ஓர் இயந்திரத்தை 1684-இல் நிறுவினார்கள். வில்லியம் லோவை வாங்கிய அதே ஆண்டு. அவ்வளவு செய்தும் எல்லா நீரூற்றுகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட முடியவில்லை. லூயி தோட்டத்தில் நடந்து வரும்போது பணியாளர்கள் விசிலடித்துச் செய்தி சொல்ல, அவர் நெருங்குகிற நீரூற்றைத் திறந்து, கடந்ததும் மூடுவார்களாம். ஐரோப்பாவின் மிகப் பெரிய அரசருக்கு இந்த நிலை.

ஹெட் லோவில் இயந்திரமே வேண்டியிருக்கவில்லை. காரணம் நிலத்தின் அமைப்பு. வேலுவ என்பது பனியுகத்தில் பனிப்பாறைகள் தள்ளிக் குவித்த மணல் மேடுகளின் தொகுப்பு. பெய்கிற மழை அப்படியே மணலுக்குள் இறங்கி, மேட்டின் ஓரங்களில் ஊற்றாகக் கசிகிறது. அந்த ஊற்றுக்கண்களை மனிதர்கள் தோண்டிப் பெரிதாக்கி, வாய்க்கால் வெட்டி ஓடவிட்டார்கள். இவற்றை அங்கே 'ஸ்ப்ரெங்' என்கிறார்கள். அப்பல்டோர்ன் வட்டாரத்தின் காகித ஆலைகளும் இந்த ஓட்டத்தில்தான் சுழன்றன. காகிதத்துக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். மணலில் வடிகட்டி வருகிற தண்ணீரைவிடத் தெளிவானது எங்கே கிடைக்கும்?

வில்லியமின் ஆட்கள் இதே அறிவைத் தோட்டத்துக்குத் திருப்பினார்கள். மேட்டில் இருக்கும் ஹோக் சூரன் என்ற சிற்றூரின் பக்கத்திலிருந்து பல கிலோமீட்டர் தூரத்துக்குச் சுட்ட மண் குழாய்களைப் பதித்துத் தண்ணீரை இறக்கினார்கள். உயர வித்தியாசம் தரும் அழுத்தம் மட்டும்தான் விசை. அந்த அழுத்தத்தில் மேல் தோட்டத்தின் 'அரசர் நீரூற்று' சுமார் 13 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. இறைக்க ஆள் வேண்டாம், விசில் வேண்டாம், இரவும் பகலும் ஓடும். வில்லியமின் அரண்மனைக்கு வந்த பிரெஞ்சுத் தூதருக்கு இது எப்படி உறுத்தியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஸ்பானியப் பேரரசை யார் யார் பங்கிடுவது என்ற பேச்சுவார்த்தைக்காக 1698-இல் லூயியின் தூதர் தல்லார் இங்கேயே வந்து தங்கினார்.

நான்கு பக்கம் அடைத்த தோட்டம்

தோட்டத்தின் அமைப்பிலும் அதே வேறுபாடு. வெர்சாயின் நடுக்கோடு வீட்டில் தொடங்கி, பெருங்கால்வாய் வழியாக அடிவானம்வரை போகிறது. கண்ணுக்கு எட்டியதெல்லாம் அரசருடையது என்று சொல்கிற தோட்டம். ஹெட் லோவின் கீழ்த்தோட்டம் அப்படி ஓடுவதில்லை. மூன்று பக்கமும் உயர்த்திய மண்மேடை நடைபாதைகள், நான்காம் பக்கம் வீடு. நடுவில் எட்டு சதுரப் பாத்திகள். மேடைமேல் நடந்தபடி கீழே உள்ள கோலத்தைப் பார்க்க வேண்டும். டச்சு நாட்டின் பழைய தோட்டங்கள் இப்படித்தான். காற்று பலமான தட்டை நிலத்தில் அடைப்பு இல்லாமல் தோட்டம் நிற்காது. மரோவின் பிரெஞ்சு அலங்காரம் அந்தப் பழைய டச்சுப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பேன்.

பாத்திகள் 'பார்தேர்' வகை. குட்டையாக வெட்டிய பாக்ஸ்வுட் செடிகளால் சுருள் சுருளாகப் பூவேலை. இடைவெளிகளில் வண்ணச் சரளை அல்லது புல். ஓரப் பட்டைகளில் பூச்செடிகள், அதுவும் நெருக்கமாக அல்ல. அந்தக் காலத்தில் ஒரு துலிப் என்பது விலைகொடுத்து வாங்கிய அரும்பொருள். ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்திக் காட்டுவார்கள். இன்று வருகிறவர்களில் பலர் 'பூ குறைவாக இருக்கிறதே' என்று முணுமுணுப்பதற்குக் காரணம் இதுதான். பூக்களை அள்ளிக் கொட்டுகிற தோட்டம் 19-ஆம் நூற்றாண்டின் ரசனை.

நடுவில் வீனஸ் நீரூற்று. அதன் இருபுறமும் இரண்டு கோளங்கள், ஒன்று பூமி, இன்னொன்று வானம். இரண்டிலும் தண்ணீர் பீய்ச்சும். லூயி தன்னைச் சூரியக் கடவுள் அப்பல்லோவாகக் காட்டிக்கொண்டார். வில்லியம் எடுத்துக்கொண்டது ஹெர்குலிஸை. ஆரஞ்சு மரங்களைப் பெரிய தொட்டிகளில் வைத்து, குளிர்காலத்தில் உள்ளே எடுத்துவைப்பார்கள். ஐரோப்பா முழுவதும் அந்தப் பழக்கம் இருந்தது. ஒரேஞ்ச் குடும்பத்தின் வீட்டில் ஆரஞ்சு மரத்துக்குக் கூடுதல் அர்த்தம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மேல் தோட்டத்தைக் கீழ்த்தோட்டத்திலிருந்து ஒரு குறுக்குச் சாலை பிரிக்கிறது. அதைத் தாண்டினால் அரசர் நீரூற்று, அதற்கும் அப்பால், முற்றத்திலிருந்து இடம்பெயர்ந்த அந்த வளைந்த தூண் வரிசைகள்.

இந்த விவரங்களெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒருவர் வால்டர் ஹாரிஸ், வில்லியமின் ஆங்கிலேய மருத்துவர். தோட்டத்தை நடந்து நடந்து பார்த்து, பாத்தி பாத்தியாக விவரித்து 1699-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். இன்னொருவர் ரோமெய்ன் த ஹோக. அவருடைய செதுக்கு ஓவியங்கள் அதே தோட்டத்தை மேலிருந்தும் பக்கவாட்டிலும் காட்டுகின்றன. ஒன்று எழுத்து, ஒன்று படம். பின்னால் இவை இரண்டும்தான் சாட்சிக்கூண்டில் ஏறின.

புதைத்தவர் செய்த உபகாரம்

வில்லியம் 1702-இல் வாரிசு இல்லாமல் இறந்தார். சொத்து வழக்குகளுக்குப் பிறகு அரண்மனை குடும்பத்தின் வேறு கிளைக்குப் போனது. 18-ஆம் நூற்றாண்டில் அது கோடைக்கால வீடாக ஓடியது. அதைப் பற்றி இங்கே நீட்ட வேண்டியதில்லை. 1795-இல் பிரெஞ்சுப் படைகள் வந்தன, ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பினார், உள்ளே இருந்த பொருள்கள் சிதறின.

அடுத்த பெரிய திருப்பம் லூயி போனபார்ட். அண்ணன் நெப்போலியன் அவரை 1806-இல் ஹாலந்தின் அரசராக்கினார். ஹெட் லோவுக்கு வந்த லூயி, செங்கல் சுவரை வெள்ளைப் பூச்சால் மூடச் சொன்னார். பாழடைந்து கிடந்த, வில்லியம் காலத்துப் பரோக் பாணித் தோட்டத்தின்மேல் மண்ணைக் கொட்டி மேடு நிரப்பி, ஆங்கில பாணியில் இயற்கைக் காட்சிப் பூங்காவாக்க உத்தரவிட்டார். வரைந்தவர் அலெக்சாந்த்ர் துஃபூர். கோடு கோடாக வெட்டிய தோட்டம் அப்போது ஐரோப்பா முழுவதும் பழைய மோஸ்தர் ஆகியிருந்தது. லூயி செய்தது அன்றைய நாகரிகம்.

கவனியுங்கள், அவர் தோட்டத்தைப் பெயர்த்து எடுக்கவில்லை, மேலே மண் போட்டு மூடினார். பள்ளமாக இறங்கிய தோட்டம் என்பதால் நிரப்புவது சுலபம், பெயர்ப்பது வீண் செலவு. விளைவாக, நீர்த்தொட்டிகளின் செங்கல் அடித்தளங்கள், மேடைச் சுவர்களின் அடிப்பாகங்கள் எல்லாம் உள்ளேயே தங்கின. ஏறத்தாழ 170 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. தோட்டத்தை அழித்தவர் என்று வரலாற்றில் பெயர் வாங்கிய லூயி போனபார்ட்தான் அதற்கு நல்ல பெட்டகமும் கட்டிவிட்டுப் போனார்.

அவருக்குப் பிறகு ஒரேஞ்ச் குடும்பமே நெதர்லாந்தின் அரச குடும்பமானது. முதலாம் வில்லெம் 1840-இல் பதவி துறந்தது ஹெட் லோவில். மூன்றாம் வில்லெம் 1890-இல் இறந்ததும் இங்கேதான். அவருடைய மகள் அரசி வில்ஹெல்மினா இந்த வீட்டின்மேல் உயிரையே வைத்திருந்தார். 1911 முதல் 1914 வரை வீட்டை உயர்த்தி, விரித்து, நவீன வசதிகளோடு பெரிதாக்கியவர் அவர். 1948-இல் பதவியை மகளிடம் கொடுத்துவிட்டு இங்கேயே வாழ்ந்து 1962-இல் காலமானார். அவருடைய பேத்தி இளவரசி மார்க்ரீட்டின் குடும்பம் 1975 வரை இருந்தது. அதோடு குடியிருப்பு முடிந்தது.

இரண்டு முடிவுகள், இரண்டு அளவுகோல்கள்

இப்போது 1977-க்கு வருவோம். பணியை வழிநடத்தியவர் கட்டடக் கலைஞர் வான் அஸ்பெக். அவர் முன்னால் ஏற்கெனவே ஒரு விதிப்புத்தகம் இருந்தது. 1964-இன் வெனிஸ் சாசனம் தெளிவாகச் சொல்கிறது: ஒரு நினைவுச் சின்னத்தில் எல்லாக் காலங்களின் நியாயமான பங்களிப்பையும் மதிக்க வேண்டும், பாணி ஒருமை மீட்டுருவாக்கத்தின் நோக்கம் அல்ல, மேலடுக்கை அகற்றி அடியிலுள்ளதை வெளிக்கொணர்வது, அகற்றப்படுவது அதிகம் மதிப்பில்லாததாகவும் வெளிவருவது மிக மதிப்புள்ளதாகவும் இருந்தால் மட்டுமே சரி, ஊகம் தொடங்குகிற இடத்தில் வேலை நிற்க வேண்டும்.

தோட்டத்துக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம். அடியில் என்ன இருந்தது? தொட்டிகளின் அடித்தளங்கள், சுவர்களின் கோடுகள், மட்டங்கள். தோண்டியபோது அவை ஹாரிஸின் எழுத்தோடும் த ஹோகவின் படங்களோடும் பொருந்தின. மூன்று சாட்சிகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்தன. மேலே என்ன இருந்தது? நல்ல இயற்கைக் காட்சிப் பூங்காதான். ஆனால் அந்தப் பூங்காவின் பெரும்பரப்பு தோட்டத்துக்கு வெளியே இன்றும் நீடிக்கிறது; வீட்டை ஒட்டிய ஒரு பகுதி மட்டுமே போனது. அதற்கு மாற்றாகக் கிடைத்தது, வடமேற்கு ஐரோப்பாவில் கிட்டத்தட்ட முழுசாகத் தொலைந்துபோன ஒரு வகைத் தோட்டத்தின் முழு உருவம். 1981-இல், பணி நடந்துகொண்டிருக்கும்போதே, வரலாற்றுத் தோட்டங்களுக்கென ஃப்ளாரன்ஸ் சாசனம் எழுதப்பட்டது. அதுவும் எந்தக் காலத்துக்கும் முன்னுரிமை தரக்கூடாது என்றே தொடங்குகிறது. ஆனால் எஞ்சிய தடயங்களோ மறுக்கமுடியாத ஆவணங்களோ இருந்தால், விதிவிலக்காக மீண்டும் அமைக்கலாம் என்று கதவைத் திறந்துவைக்கிறது. ஹெட் லோவை மனதில் வைத்தே எழுதியதுபோல் இருக்கும் அந்த வரி.

குறை இல்லாமல் இல்லை. பல சிலைகள் பிரதிகள். செடிகள் எல்லாம் புதியவை. ஆனால் தோட்டம் என்பது எப்போதுமே மறுநடவு செய்கிற பொருள். வில்லியம் உயிரோடு இருந்தபோதே அந்தப் பாக்ஸ்வுட்களை மாற்றியிருப்பார்கள். வடிவமும் மட்டமும் சரியாக இருந்தால் தோட்டம் சரி. என் ஓட்டு ஆதரவாக.

சரி, வீடு? இங்கேதான் எனக்கு இடிக்கிறது. வீடு மண்ணுக்குள் புதைந்திருக்கவில்லை. 1686-இலிருந்து 1975 வரை அதில் ஆட்கள் வாழ்ந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையும் எதையாவது சேர்த்தது. வில்ஹெல்மினா ஏற்றிய மாடி அழகானது என்று நான் வாதாட மாட்டேன். பழைய படங்களில் வீட்டின் விகிதத்தை அது கெடுத்ததுபோலத்தான் தெரிகிறது. ஆனாலும் அது ஒரு நாட்டின் அரசி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தன் வேலைக்கும் குடும்பத்துக்கும் விருந்தினருக்கும் இடம் வேண்டும் என்று கட்டியது. கட்டட வரலாற்றில் அது ஒரு சாட்சி. அதை இறக்கினார்கள். வெள்ளைப் பூச்சை உரித்தார்கள். அடியிலிருந்த செங்கல் நல்ல செங்கல், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1700-இன் தோற்றம் கிடைப்பதற்காக 170 ஆண்டுகளாக மக்கள் அறிந்திருந்த முகம் போயிற்று.

விநோதம் உள்ளே போனால் தெரியும். அறைகளைக் காலவரிசையில் அமைத்திருக்கிறார்கள்: வில்லியம், மேரியின் அறைகளில் தொடங்கி, 18-ஆம் நூற்றாண்டு, லூயி போனபார்ட், 19-ஆம் நூற்றாண்டு அரசர்கள் என்று நகர்ந்து வில்ஹெல்மினாவரை. அவருடைய பணியறை அவர் விட்டுப்போனதுபோலவே அடர்ந்த சாமான்களோடு இருக்கிறது. எல்லாக் காலத்துக்கும் உள்ளே இடம் உண்டு, வெளியே ஒரே ஒரு காலத்துக்கு மட்டும். வில்ஹெல்மினாவின் மேசை இருக்கிறது, அவர் கட்டிய மாடி இல்லை. உள்ளே வெனிஸ் சாசனம், வெளியே அதற்கு எதிர்ப்பதம்.

எதிர்வாதமும் உண்டு, அது பலவீனமானது அல்ல. கீழ்த்தோட்டம் வீட்டோடு சேர்ந்தே அளவெடுத்து வரைந்தது. அதன் நடுக்கோடு கூடத்தின் வாசலில் தொடங்குகிறது. மேடைகளின் உயரம் வீட்டின் தளமட்டத்தைப் பொறுத்தது. மீட்ட தோட்டத்தின் பின்னணியில் ஒரு மாடி அதிகமான வெள்ளைக் கட்டடம் நின்றிருந்தால் இரண்டுமே அபத்தமாகத் தெரிந்திருக்கும் என்பார்கள். இருக்கலாம். அப்படியென்றால் தோட்டம் வீட்டை விலைகேட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். வீட்டின் 'உண்மையான' உருவத்துக்குத் திரும்பினோம் என்று சொல்லத் தேவையில்லை. வில்லியம் இறந்த ஆண்டின் உருவம் எப்படி வில்ஹெல்மினா இறந்த ஆண்டின் உருவத்தைவிட உண்மையானது?

அதற்கு அப்புறம்

மீட்டுருவாக்கியது அப்படியே நின்றுவிடும் என்று யாராவது நினைத்திருந்தால், பாக்ஸ்வுட் பாடம் சொல்லியது. 1990-களிலிருந்து ஐரோப்பா முழுவதும் பரவிய பாக்ஸ்வுட் கருகல் என்ற பூஞ்சை நோய் ஹெட் லோவையும் விடவில்லை. இலை பழுப்பாகி உதிர்ந்து, பூவேலையில் ஓட்டை விழுந்தது. இதைத் தாங்கிக்கொண்டு காத்திருக்க முடியாது. ஒரு சுருளில் இரண்டு செடி போனாலும் கோலம் போய்விடும். கடைசியில் பாக்ஸ்வுட்டை எடுத்துவிட்டு ஜப்பானிய ஹாலி வகையை நட்டார்கள். சிறிய இலை, வெட்டினால் தாங்கும், தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வில்லியம் காலத்துத் தோட்டத்தில் இப்படி ஒரு செடி கிடையாது. சுத்தவாதிகள் வருந்தலாம்; எனக்கு இது நியாயமான சமரசமாகத்தான் படுகிறது. வடிவத்தைக் காப்பாற்றச் செடியை விட்டுக்கொடுத்தார்கள்.

இரண்டாவது பெரிய வேலை 2018 ஜனவரியில் தொடங்கியது. கட்டடத்தில் இருந்த ஆஸ்பெஸ்டாஸை அகற்ற வேண்டியிருந்தது. நாற்பதாண்டு பழசான குழாய், மின்சார ஏற்பாடுகளையும் மாற்ற வேண்டியிருந்தது. அதோடு, கண்காட்சிக்கும் வருகையாளர் வசதிக்கும் இடம் போதவில்லை. வில்ஹெல்மினாவுக்கு வந்த அதே பிரச்சினை. அவர் மேலே கட்டினார். இந்த முறை மேலே கட்டுவதற்கு வழியே இல்லை, 1984-இன் முடிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது. ரோட்டர்டாமின் கான் கட்டடக்கலை நிறுவனம் கீழே இறங்கியது: முன்முற்றத்துக்கு அடியில் 5,000 சதுர மீட்டருக்கு மேல் புது இடம்.

மணல் நிலம், நிலத்தடி நீர், மூன்று பக்கமும் 17-ஆம் நூற்றாண்டுச் சுவர்கள். அவற்றின் அருகிலேயே ஆழமாகத் தோண்டுவது பதற்றமான காரியம். அவர்கள் செய்துமுடித்தார்கள். முற்றத்தில் முன்பு நான்கு புல்தரைகள் இருந்தன. அதே கோட்டில், அதே அளவில், நான்கு கண்ணாடிப் பரப்புகள் வந்தன. அவற்றின்மேல் மெல்லிய நீர்ப்படலம் ஓடுகிறது. வெளிச்சம் அதன் வழியே கீழ்க்கூடத்தில் இறங்குகிறது. வாயிலிலிருந்து பார்ப்பவருக்கு முற்றத்தின் வடிவம் மாறவில்லை. 2022-இல் அரண்மனை படிப்படியாகத் திறந்தது, 2023-இல் நிலத்தடிப் பகுதியும் பயன்பாட்டுக்கு வந்தது.

அந்த விரிவாக்கம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அது 17-ஆம் நூற்றாண்டாக நடிக்கவில்லை என்பது. புல் இருந்த இடத்தில் கண்ணாடி என்று வெளிப்படையாகவே தெரிகிறது. 21-ஆம் நூற்றாண்டில் கட்டியது என்பதை யாரும் கேட்காமலேயே சொல்கிறது. 1977-இல் வீட்டுக்கு இந்த அணுகுமுறை கிடைத்திருந்தால் மாடி தப்பியிருக்குமா என்றால், தோட்டத்தோடு சேர்த்துப் பார்க்கையில் ஒருவேளை தப்பியிருக்காது. ஆனால் குறைந்தபட்சம் அது இருந்த உயரத்தைச் சுவரில் எங்காவது குறித்து வைத்திருக்கலாம். இன்று முற்றத்தில் நிற்கிற ஒருவருக்கு, இந்த வீடு அறுபது ஆண்டுக்கு மேல் ஒரு மாடி உயரமாக இருந்தது என்று சுவர் எதுவும் சொல்வதில்லை. உள்ளே தொங்கும் பழைய புகைப்படத்தைத் தேடிப் பார்த்தால்தான் உண்டு.